ஆன்டிகனி: யார் பக்கம் நின்று நடிப்பது?

மதுரையில் ஒரு கல்லூரி நாடகக் குழுவுக்காக, பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் 'ஆன்டிகனி'யைத் தமிழில் போடப்போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பேராசிரியர் ஒருவர், ஆன்டிகனி, கிரியோன் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஜெர்மானியத் தத்துவவாதி ஹெகல் சொன்னது அதுதான் என்கிறார். இன்னொருவர், கொடுங்கோலனை எதிர்த்து நின்ற பெண்ணின் கதை, அவ்வளவுதான் என்கிறார். நான் படித்த புத்தகம் ஒன்றில் கிரியோன்தான் உண்மையான துயர நாயகன் என்று இருக்கிறது. எதை நம்பி ஒத்திகையைத் தொடங்குவது? 'கணவனாக இருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன்' என்று ஆன்டிகனி பேசும் வசனம் உறுத்துகிறது, வெட்டிவிடலாமா? நடிக்க எங்களிடம் ஆறு பேர்தான் இருக்கிறார்கள்."

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வசனத்தை வெட்டாதீர்கள். "இரண்டு பேரும் சரி" என்ற எண்ணத்தோடு ஒத்திகைக்குப் போகாதீர்கள். கிரியோனை வெறும் அரசனாக நடிக்க வைக்காதீர்கள்; அவன் அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன். இந்த ஒரு உறவு நம் பக்கத்துப் பார்வையாளருக்கு உறைத்துவிட்டால் பாதி நாடகம் தானாக விளங்கிவிடும்.

நாடகத்தைப் படிக்காதவர்களுக்காகக் கதை. ஈடிபஸ் மன்னனின் மகன்கள் இருவரும் தீப்ஸ் நகரத்தின் அரியணைக்காக மோதி ஒருவரையொருவர் கொன்றுவிட்டார்கள். எட்டியோகிளிஸ் நகரத்தைக் காத்து நின்றவன். பாலினைசிஸ் வெளியூர்ப் படையைக் கூட்டிவந்தவன். அரியணை ஏறிய கிரியோன், எட்டியோகிளிஸை முறைப்படி அடக்கம் செய்துவிட்டு, பாலினைசிஸின் பிணத்தை நாயும் கழுகும் தின்னட்டும், யாராவது மண் போட்டால் மரண தண்டனை என்று ஆணையிடுகிறான். உடன்பிறந்த ஆன்டிகனி மண் போடுகிறாள், பிடிபடுகிறாள், பாறைக் குகைக்குள் உயிரோடு அடைக்கப்படுகிறாள். அங்கே அவள் உயிரை மாய்த்துக்கொள்ள, அவளைக் கட்டிக்கொள்ளவிருந்த கிரியோனின் மகன் ஹேமோன் அதே இடத்தில் தன் வாளுக்குத் தன்னைக் கொடுக்கிறான். செய்தி கேட்ட அவன் தாய் யூரிடிசியும் சாகிறாள். கிரியோன் மட்டும் மிஞ்சுகிறான். கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் அரங்கேறிய நாடகம்.

இப்போது ஹெகல். 1807-இல் வெளிவந்த நூலிலும், பிறகு அழகியல் பற்றி ஆற்றிய உரைகளிலும் அவர் இந்த நாடகத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறார். குடும்பம், ரத்த உறவு, கீழுலகத் தெய்வங்கள் ஒரு பக்கம். அரசு, பொதுச் சட்டம் மறு பக்கம். இரண்டும் நியாயமான கோரிக்கைகள், ஆனால் ஒவ்வொருவரும் மற்றவர் நியாயத்தைக் கண்ணெடுத்தும் பார்க்காததால் இருவரும் அழிகிறார்கள் என்பது அவர் வாதம். பரீட்சைக்கான நோட்ஸ்களில் இது "குடும்பம் எதிர் அரசு" என்று ஒரே வரியாகச் சுருங்கிவிடுகிறது. ஹெகல் அவ்வளவு எளிமையாகச் சொல்லவில்லை. ஆன்டிகனி தானே அந்த அரச குடும்பத்துப் பெண், கிரியோனின் அதிகாரத்துக்குள் வாழ்பவள் என்பதையும், கிரியோன் தானே ஒரு தகப்பன், ஒரு கணவன் என்பதையும், ஆளுக்கொரு கோட்டைக்குள் மற்றதும் கலந்திருக்கிறது என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த இடத்தைத்தான்.

கிரியோன் பக்கம் பேச ஆள் இல்லாமல் இல்லை. அவனுடைய முதல் பேச்சைத் தனியாக எடுத்துப் படித்தால் யாரும் குறை சொல்ல முடியாது. நாட்டைவிட நண்பனைப் பெரிதாக நினைப்பவன் எதற்கும் ஆகாதவன், நாடென்னும் கப்பல் நேராக ஓடினால்தான் நமக்கு நட்பே உண்டு என்கிறான். கி.மு. 343-இல் ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் தன் எதிரி ஏஸ்கினிஸ் மீது வழக்காடும்போது இதே வரிகளை நீதிமன்றத்தில் வாசிக்கச் சொன்னார். ஏஸ்கினிஸ் முன்பு நடிகனாக இருந்து கிரியோன் வேடம் கட்டியவன். மேடையில் நீயே பேசிய நல்ல வசனத்தை வாழ்க்கையில் மறந்துவிட்டாயே என்று குத்திக்காட்டத்தான். அதாவது நாடகம் அரங்கேறி ஒரு நூற்றாண்டு ஆன பிறகும் அந்தப் பேச்சு ஏதென்ஸில் நாட்டுப்பற்றுக்கு மேற்கோளாக நின்றது. துரோகிகளை ஏதென்ஸ் மண்ணில் புதைக்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருந்தது. 1989-இல் கிறிஸ்டியான் சோர்வினூ-இன்வுட் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போகிறது: அன்றைய ஏதென்ஸ்காரன் கண்ணுக்கு, வீட்டை விட்டு வெளியே வந்து பொது ஆணையை மீறும் ஆன்டிகனி ஒரு அடங்காத பெண்ணாகவே தெரிந்திருப்பாள், நம் காலத்து அனுதாபத்தை அவர்கள் மேல் ஏற்றக் கூடாது என்று.

இந்த எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். "எங்கள் மண்ணில் புதைக்காதே" என்றுதான் அது சொன்னது. எல்லைக்கு வெளியே கொண்டுபோய் உறவினர் அடக்கம் செய்யலாம். கிரியோனோ பிணத்தைத் திறந்த வெளியில் போட்டு, அழுகுவதற்குக் காவல் வைக்கிறான். ஏதென்ஸ் செய்ததைவிட வெகுதூரம் போய்விட்டான்.

இன்னொன்று. நம் ஊர்ப் பக்கம் கேத வீட்டில் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள், நீர்மாலைக்குப் போவார்கள். பிணம் தெருமுனையைத் தாண்டியதும் பெரும்பாலான ஊர்களில் நின்றுவிடுவார்கள். சுடுகாடு ஆண்களுடையது. அதனால் நம் பார்வையாளர், "பெண் போய் மண் போட்டுவிட்டாளே, அதுதான் மீறல்" என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். கிரேக்கத்தில் அப்படி இல்லை. உடலைக் கழுவுவதும் அழுவதும் பெண்களின் கடமை. நெருங்கிய உறவுப் பெண்கள் கல்லறை வரை போகலாம். ஆன்டிகனியின் மீறல், ஆணையை மீறியதிலும் தனியாகப் போனதிலும் இருக்கிறது. சடங்கு அவள் உரிமைதான். இது முதல் காட்சியிலேயே சகோதரி இஸ்மினியோடு நடக்கும் பேச்சில் தெளிவாக வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாடகம் வேறு திசையில் போய்விடும்.

அப்புறம் தாய்மாமன் விஷயம். கிரியோன், ஆன்டிகனியின் தாய் ஜொகாஸ்டாவின் கூடப்பிறந்தவன். ஆன்டிகனியின் தகப்பனும் இல்லை, இரண்டு அண்ணன் தம்பிகளும் செத்துக் கிடக்கிறார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே பெரிய ஆண் கிரியோன். கிரேக்க வழக்கப்படி பாலினைசிஸை அடக்கம் செய்ய வேண்டிய பொறுப்பே அவன் தலையில்தான் விழுகிறது. முன்நின்று செய்ய வேண்டியவன் செய்யாததோடு, செய்பவளையும் கொல்கிறான். இதைக் கவனித்துவிட்டால் "குடும்பம் எதிர் அரசு" என்ற கோடு எங்கே கிழிக்க முடியும்? கோட்டின் இரண்டு பக்கமும் அவனே நிற்கிறான். ஆன்டிகனி என் தங்கை மகளாக இருந்தாலும் சரி, அதைவிட நெருங்கிய ரத்தமாக இருந்தாலும் சரி, தப்ப முடியாது என்று அவன் வாயாலேயே வருகிறது. ஹேமோன் அவளுக்கு மாமன் மகன், முறைப்பையன். காதுகுத்து முதல் கல்யாணம் வரை தாய்மாமன் சீர் இல்லாமல் எதுவும் நடக்காத ஊரில் இந்த உறவை விளக்க உங்களுக்கு ஒரு வரி கூட வேண்டாம். "மாமா" என்று இஸ்மினி ஒரே ஒரு முறை கூப்பிட்டால் போதும். லண்டன் மேடையில் அடிக்குறிப்பு போட்டுத்தான் புரியவைக்க வேண்டிய ஒன்று, இங்கே அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குச் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

ஹெகல் சொன்ன அந்த "இரண்டு நியாயங்களின் மோதல்" முழுமையாக நடக்கும் நாடகம் ஒன்று நம்மிடமே இருக்கிறது: அரிச்சந்திர மயான காண்டம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத் திருவிழாக்களில் ராத்திரி முழுக்க ஸ்பெஷல் நாடகமாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாம்பு கடித்துச் செத்த மகனைச் சந்திரமதி தூக்கி வருகிறாள். மயானம் காக்கும் அரிச்சந்திரன் காற்பணமும் முழத்துண்டும் கேட்கிறான். அவளுடைய தாலியைப் பார்த்து மனைவி என்று தெரிந்த பிறகும் விடவில்லை. வாய்க்கரிசி எனக்குச் சேர வேண்டியது, அதை விட்டுத்தருகிறேன்; காற்பணமும் துண்டும் என் எசமானுக்குரியவை, அவற்றை விட எனக்கு உரிமையில்லை என்கிறான். தாயின் உரிமையும் நியாயம், அவன் பிடிவாதமும் நியாயம். செத்துக் கிடப்பது அவனுடைய பிள்ளை. கிரியோனின் ஆணை அப்படிப்பட்டதல்ல. அன்று காலையில் அவனே போட்டது. அதற்கான விலையை அடுத்தவர்கள்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், கடைசிக் காட்சி வரை. இந்த வேறுபாடுதான் எனக்கு ஹெகலோடு உள்ள பிணக்கு. (மயான காண்டத்தில் தெய்வம் வந்து பிள்ளையை எழுப்பிவிடுகிறது. சோஃபக்ளீஸ் யாரையும் எழுப்புவதில்லை.)

நாடகமே கிரியோனுக்கு எதிராகத் தீர்ப்பு சொல்லும் இடம் ஒன்று உண்டு. குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் வருகிறார். பறவைகள் ஒன்றையொன்று கிழித்துக்கொள்கின்றன, பலிபீடத்தில் தீ பிடிக்க மறுக்கிறது, கொழுப்பு உருகிச் சாம்பலில் ஒழுகுகிறது. நாயும் பறவையும் அந்தப் பிணத்தைத் தின்றுவிட்டு வந்து ஊரின் பீடங்களையெல்லாம் தீட்டுப்படுத்திவிட்டன என்கிறார். கீழே இருக்க வேண்டியவனை மேலே போட்டு வைத்திருக்கிறாய், மேலே இருக்க வேண்டியவளைக் கீழே புதைத்துவிட்டாய் என்கிறார். ஊரைக் காப்பாற்றத்தான் ஆணை என்றவனின் ஆணையே ஊருக்கு நோயைக் கொண்டுவந்துவிட்டது. அவனுடைய சொந்தக் கணக்குப்படியே அவன் தோற்றுவிட்டான். அதற்கு முன்பே ஹேமோன் சொல்லிப் பார்த்தான்: ஊர் ஜனம் இருட்டில் முணுமுணுக்கிறது, அந்தப் பெண்ணுக்காக அழுகிறது என்று. ஊர் ஆள்பவனுக்குத்தானே சொந்தம் என்று கிரியோன் கேட்க, ஆளே இல்லாத பாலைவனமாக இருந்தால் நீங்கள் தனியாக நன்றாக ஆளலாம் என்கிறான் மகன். கப்பல், நாடு என்று தொடங்கியவன் எங்கே வந்து நிற்கிறான் பாருங்கள். நடிகர் இந்தச் சரிவைப் படிப்படியாகக் காட்ட வேண்டும். முதல் பேச்சிலேயே உருட்டி விழித்தால் எல்லாம் போச்சு. அங்கே பார்வையாளர் அவனோடு உடன்பட வேண்டும்.

கடைசியில் பயந்து மனம் மாறுகிறான். கோரஸ், அதாவது நாடகத்தில் பாடியும் பேசியும் வரும் ஊர் முதியவர்கள், வரிசையாகச் சொல்கிறார்கள்: முதலில் போய்ப் பெண்ணை விடுவி, பிறகு பிணத்துக்குச் சமாதி எழுப்பு. கிரியோன் தலைகீழாகச் செய்கிறான். முதலில் பிணத்தின் மிச்சத்தைக் கழுவி, எரித்து, மேடு எழுப்புகிறான். அதன் பிறகே குகைக்குப் போகிறான். ஏன் என்று அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தெய்வக் குற்றத்தை முதலில் கழிக்க நினைத்தான் என்பவர்களும் உண்டு. எனக்குத் தோன்றுவது: இப்போதும் அவன் உயிரோடு இருக்கும் பெண்ணை நினைக்கவில்லை, தன் தலைக்கு வந்த ஆபத்தைத்தான் நினைக்கிறான். செய்தியாள் இதைச் சொல்லும்போது வேகமாக ஓட்டிவிடாதீர்கள். அந்த வரிசையைப் பார்வையாளர் காதில் வாங்க வேண்டும்.

அப்படியானால் ஆன்டிகனி முழுக்கச் சரி, கதை முடிந்தது என்று சொல்லலாமா? அதுவும் முடியாது. தெய்வங்கள் கிரியோனைத் தவறு என்றன. அவளைக் காப்பாற்ற ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. தண்டனையில் பங்கு கேட்டு வந்த இஸ்மினியை வார்த்தையால் சுட்டுத் தள்ளுகிறாள். உன் பிடிவாதமே உன்னை அழித்தது என்று கோரஸ் முகத்துக்கு நேரே சொல்கிறது. இனி எந்தத் தெய்வத்தைக் கூப்பிடுவேன் என்று அவளே கலங்குகிறாள். 1964-இல் அறிஞர் பெர்னார்ட் நாக்ஸ், சோஃபக்ளீஸின் நாயகர்கள் எல்லோரும் வளையத் தெரியாதவர்கள், அதுவே அவர்கள் பெருமையும் அழிவும் என்று வாதிட்டார். அந்தப் பார்வையில் நாயகி அவள்தான், ஏனென்றால் கிரியோன் வளைந்துவிட்டான். நான் நாக்ஸோடு சேர்ந்துகொள்வேன்.

அவள் 943-ஆம் வரியோடு மேடையை விட்டுப் போய்விடுகிறாள், மிச்சம் நானூறு வரிக்கு மேல் கிரியோன்தான் நிற்கிறான் என்பது உண்மை. மேடையில் நிற்கும் நேரத்தை வைத்து நாயகனைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நம் பாண்டியன் "யானோ அரசன் யானே கள்வன்" என்று உணர்ந்த நொடியில் விழுந்து உயிரை விட்டான். கிரியோன் உணர்ந்தும் உயிரோடு கிடக்கிறான். பெரிய துயரம்தான், மறுக்கவில்லை.

சரி, நீங்கள் வெட்ட நினைக்கும் வசனம். 904 முதல் 920 வரை. கணவன் செத்தால் இன்னொரு கணவன் கிடைப்பான், பிள்ளை போனால் இன்னொருவனிடம் பெற்றுக்கொள்ளலாம், தாயும் தந்தையும் மண்ணுக்குள் போய்விட்ட பிறகு இன்னொரு உடன்பிறந்தவன் எங்கிருந்து வருவான், அதனால்தான் அவனுக்காகச் சட்டத்தை மீறினேன் என்கிறாள். 1827-இல் ஜெர்மானியக் கவிஞர் கெத்தே, இந்த வரிகள் யாரோ பின்னால் நுழைத்தவை என்று ஒரு நல்ல அறிஞர் நிரூபித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தன் பேச்சுகளைக் குறித்துவைத்த எக்கர்மனிடம் ஆதங்கப்பட்டார். என்றும் நிலைத்த தெய்வச் சட்டத்தின் பேரால் கம்பீரமாகப் பேசிய பெண், சாகப்போகும்போது இப்படிக் கணக்குப் போடுகிறாளே என்பது அவர் வருத்தம். அதே பேச்சில் அவர் கிரியோனைப் பற்றிச் சொன்னது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது: அவனை இயக்குவது அரச தர்மம் அல்ல, செத்தவன் மேல் உள்ள வெறுப்பு என்றார்.

வரிகள் பின்னால் நுழைந்தவை என்று ஒதுக்குவது கஷ்டம். கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் இந்தப் பகுதியைச் சோஃபக்ளீஸின் வரிகளாக எடுத்துக்காட்டுகிறார். இதே வாதத்தை கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் ஒரு பாரசீகக் கதையிலும் பார்க்கலாம்: கைதான உறவினரில் ஒருவரை மட்டும் விடுவிக்கலாம் என்று மன்னன் டேரியஸ் சொல்ல, இன்டஃபெர்னிஸின் மனைவி கணவனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுச் சகோதரனைக் கேட்கிறாள். அங்கே அவள் உயிரோடு இருக்கும் சகோதரனைக் காக்கிறாள், இங்கே செத்தவனுக்காக என்பதால் வாதம் ஒட்டவில்லை என்பார்கள். ஒட்டாமல் இருப்பதில்தான் உயிர் இருக்கிறது என்பேன். அதுவரை கொள்கை பேசியவள், தனியாக நிற்கும்போது, தான் உண்மையில் யாருக்காகச் செய்தோம் என்று சொல்லிவிடுகிறாள். எல்லாப் பிணங்களுக்காகவும் இல்லை, இந்த ஒருவனுக்காக.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். முன்பு இஸ்மினி, உங்கள் மகனுக்கு நிச்சயித்த பெண்ணையா கொல்வீர்கள் என்று கேட்டபோது, உழுவதற்கு வேறு நிலம் இருக்கிறது என்றான் கிரியோன். பெண் போனால் இன்னொரு பெண். ஆன்டிகனியின் கணக்கு அந்தப் பேச்சுக்கே பதில் சொல்வதுபோல் இருக்கிறது: ஆம், கல்யாணத்தில் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் வரலாம், கூடப்பிறந்தவனுக்கு வர முடியாது. இந்த இரண்டு இடத்தையும் ஒரே தொனியில் சொல்லவைத்துப் பாருங்கள். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு அண்ணன் அழகர் கிளம்பி வருகிறார் என்று ஜனங்கள் சொல்லும் கதைக்கு சித்திரையில் ஊரே திரளும் இடம் இது. ஒரு சகோதரி கூடப்பிறந்தவனை ஈடில்லாதவன் என்பது இங்கே யாருக்கும் அந்நியமாகப் படாது. கெத்தேவை உறுத்தியது மதுரையை உறுத்தாது.

இதோடு சேர்ந்தது 572-ஆம் வரி. "அன்பு ஹேமோனே, உன் அப்பா உன்னை எப்படி அவமானப்படுத்துகிறார்!" கையெழுத்துப் பிரதிகளில் இது இஸ்மினியின் வசனம். 1502-இல் வெனிஸில் அச்சான பதிப்பு ஆன்டிகனிக்குக் கொடுத்தது. பிறகு வந்த பெரிய பதிப்பாசிரியர்கள் பலரும் அதன் வழியில் போனார்கள், அவள் வாயிலிருந்து ஒரு காதல் சொல்லாவது வரட்டும் என்ற ஆசையில். உங்கள் குழுவிலும் அந்த ஆசை வரும், முறைப்பையன் அல்லவா! இஸ்மினிக்கே கொடுங்கள். அப்போது ஆன்டிகனி நாடகம் முழுக்க ஹேமோன் பெயரை ஒரு முறைகூடச் சொல்வதில்லை. அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கட்டும். 904-ஆம் வரிக்கு அந்த மௌனம்தான் அடித்தளம்.

பிணத்தில் ஏன் இரண்டு முறை மண் விழுகிறது என்பதும் பழைய தகராறு. முதல் முறை வண்டித் தடமோ மண்வெட்டித் தடமோ இல்லை. தெய்வச் செயலோ என்று கோரஸே கேட்கிறது. தெய்வங்கள் என்பவர்களும், இஸ்மினிதான் என்பவர்களும் உண்டு. முதல் முறை நீர்க்கடன் செய்யவில்லை, அதை முடிக்கத் திரும்பி வந்தாள் என்றார் நாடகத்தைப் பதிப்பித்த ஜெப். காவலர்கள் துடைத்தெறிந்த மண்ணைப் பார்த்தவள், கூடு காலியாகக் கிடக்கக் கண்ட பறவைபோல் கத்தினாள் என்கிறான் காவலன். அது போதும் எனக்கு. வேறு காரணம் தேட வேண்டாம்.

பிற்காலத்து ஆக்கங்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள். 1944-இல் ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் பிரெஞ்சு நாடகாசிரியர் ஆனுயி போட்ட நாடகத்தில் கிரியோன் களைத்துப்போன, நியாயம் பேசும் நிர்வாகி. அது வேறு நாடகம். 1948-இல் ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் செய்தது ஹிட்லரை மனதில் வைத்து. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இதை நடித்தபோது கிரியோனாக நடித்தவர் நெல்சன் மண்டேலா. ஒவ்வொன்றும் அதனதன் காலத்துக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டது. நீங்களும் எடுக்கலாம், மூல நாடகத்தைக் கரைத்துக் குடித்த பிறகு.

ஆறு பேர் தாராளம். சோஃபக்ளீஸிடம் பேசும் நடிகர்கள் மூன்றே பேர். கிரியோனுக்கு ஒருவர், அவருக்கு வேறு வேடம் வேண்டாம். இஸ்மினியும் யூரிடிசியும் ஒருவர். காவலன், ஹேமோன், செய்தியாள் மூன்றையும் ஒருவரே செய்யலாம். அப்போது ஹேமோனின் சாவை ஹேமோனின் குரலே வந்து சொல்லும். ஆன்டிகனியாக நடிக்கும் பெண்ணிடமே டைரீசியஸையும் கொடுங்கள். அவள் போனதற்கும் அவர் வருவதற்கும் இடையே ஒரு முழு கோரஸ் பாட்டு இருக்கிறது, உடை மாற்ற நேரம் போதும். கிரியோன் கேட்க மறுத்த அதே குரலை, இந்த முறை அவன் கேட்டே ஆக வேண்டியிருக்கும். மீதி இருவர் கோரஸ். பாட்டை இசையமைத்துப் பாடத் தெரிந்தவர்களாக இருக்கட்டும். டைரீசியஸின் கையைப் பிடித்து வரும் சிறுவனையும் அவர்களில் ஒருவரே பார்த்துக்கொள்ளலாம்.